வரம்பை உடைத்த தண்ணீர்: வேலை நேரத்தில் கவனம் பழகுவது

சென்ற ஆவணியில் ஒரு நாள், 1962 என்று எழுத வேண்டிய இடத்தில் 1992 என்று எழுதிவிட்டேன். நெடுந்தீவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவின் பிறந்த ஆண்டு அது. படிவத்தை நிரப்பி, முத்திரை குத்தி, மேலதிகாரியின் கையெழுத்தும் வாங்கி, அவரிடம் நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாயிற்று. மூன்று நாள் கழித்து அதே அம்மா எங்கள் அரச அலுவலக முகப்பில் நின்றார். குறிகட்டுவான் வரைக்கும் ஒரு மணி நேரப் படகு, அங்கிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் பஸ், எல்லாம் இரண்டாம் தடவை. "பிள்ளை, எனக்கு முப்பது வயதைக் குறைத்துவிட்டீர்கள்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். அவருக்கு முன்னால் வந்த இளைஞர் 1992இல் பிறந்தவர். அவருடைய கோப்பு மேசையை விட்டுப் போய்விட்டது, ஆண்டு மட்டும் என் விரலில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. போதாக்குறைக்கு அந்த நேரம் என் நினைவு அலுவலகத்திலேயே இல்லை. காலையில் கிணற்று மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தேனா, தொட்டி நிரம்பி வளவெல்லாம் ஓடுகிறதோ என்று வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. படிவத்தை நிரப்பியது கை மட்டுந்தான்.

(மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தேன்.)

இப்படிக் கை தனியாகவும் நினைவு தனியாகவும் வேலை செய்யும் நேரங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவற்றை ஒன்றுசேர்க்கும் பழக்கத்துக்கு உலகம் முழுக்க இப்போது 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று பெயர். தமிழில் நினைவாற்றல், முழுக்கவனம், மனமுழுமை என்று ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள். நினைவாற்றல் என்றால் பரீட்சைக்கு மனனம் செய்வது போலிருக்கிறது. மற்றவை மருந்துப் போத்தலில் ஒட்டிய பெயர்கள் போலிருக்கின்றன. நான் வெறுமனே 'கவனம்' என்றே எழுதப்போகிறேன். நம் வீடுகளில் படலையைத் தாண்டும் ஒவ்வொருவர் பின்னாலும் போகிற சொல் அது. அதற்கு எதிர்ச்சொல்லும் நம்மிடம் இருக்கிறது: பிராக்கு. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வேலியில் இருக்கும் ஓணானைப் பார்க்கும் பிள்ளையிடம் 'பிராக்குப் பார்க்காதே' என்போம். வளர்ந்த பிறகு நம்மை அப்படி அதட்ட ஆளில்லை. ஓணானும் வேலியை விட்டு இறங்கி மண்டைக்குள் குடிவந்துவிட்டது.

வேலை நேரத்தில் கவனம் பழகுவது என்றால், நாளில் சில தடவை, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, நடப்பதை நடக்கும்போதே தெரிந்துகொள்வது. மூச்சு போய் வருகிறது, பாதம் தரையில் பட்டிருக்கிறது, வெளியே ஓர் ஓட்டோ போகிறது, தோள் இறுகியிருக்கிறது, உள்ளே ஏதோ எரிச்சல் புகைகிறது. இவற்றை நல்லது கெட்டது என்று பிரிக்காமல், உடனே திருத்தவும் புறப்படாமல், இருக்கிறது என்று அறிந்துகொண்டால் போதும். மனத்தை வெறுமையாக்கத் தேவையில்லை. கண்ணை மூட வேண்டாம். சம்மணங்கட்டவும் வேண்டாம், முகப்பில் உட்கார்ந்து சம்மணங்கட்டினால் வரிசையில் நிற்பவர்கள் முறைப்பாடு எழுதிப் போடுவார்கள்.

தண்ணீர் மாறுதல்

எனக்கு இது விளங்கியது எந்தத் தியான வகுப்பிலும் இல்லை. சிறுவயதில் அப்பாவின் தோட்டத்தில் பார்த்த ஒன்றை முப்பது வருடம் கழித்து நினைத்தபோதுதான் விளங்கியது.

உரும்பிராய்ச் செம்மண்ணில் எங்களுக்கு ஆறு பரப்பில் வெங்காயத் தோட்டம் இருந்தது. இயந்திரம் இறைக்கும் கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி வரும். வாய்க்காலின் இரு பக்கமும் சின்னச் சின்னப் பாத்திகள். அப்பா மண்வெட்டியோடு நிற்பார். ஒரு பாத்தியின் வாயை வெட்டித் திறப்பார். அது நிரம்பியதும் வெட்டிய மண்ணாலேயே அடைத்துவிட்டு அடுத்ததைத் திறப்பார். இதற்குத் தண்ணீர் மாறுதல் என்று பெயர். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு மனிதர் சும்மா நிற்பது போலத்தான் தெரியும்.

இடையிடையே தண்ணீர் வரம்பை உடைக்கும். எலி தோண்டிய பொந்தாக இருக்கும், அல்லது யாரோ மிதித்த இடமாக இருக்கும். அந்த வழியே தண்ணீர் ஒழுங்கைப் பக்கம் இறங்கும். அப்பா தண்ணீரைத் திட்டி நான் பார்த்ததில்லை. என்னைத் திட்டியிருக்கிறார், மிதித்தது பெரும்பாலும் என் கால் என்பதால். ஒரு கட்டி மண்ணை வெட்டி எடுப்பார், உடைப்பில் வைப்பார், குதிக்காலால் ஓர் அழுத்து. தண்ணீர் பழைய வழிக்கு வந்துவிடும். தாழ்வு கண்ட பக்கம் ஓடுவது தண்ணீரின் குணம், அதனோடு கோபிக்க என்ன இருக்கிறது?

அவருக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் நான் தண்ணீர் மாறினேன். உடைப்பை நான் கண்டபோது பாதி ஒழுங்கை சிவந்துவிட்டது. அப்பா நின்றாலும் வரம்பு உடைக்கத்தான் செய்யும். ஆனால் அவர் கெதியாகக் கண்டுவிடுவார். கண்ணால் பார்க்கவும் தேவையில்லை, பாத்தியில் விழும் தண்ணீரின் சத்தம் கொஞ்சம் இளைத்தாலே திரும்பிவிடுவார்.

இதில் மனந்தான் தண்ணீர். மூச்சோ, காலடியோ, செய்துகொண்டிருக்கும் வேலையோ நாம் நிரப்ப நினைக்கும் பாத்தி. தண்ணீர் உடைத்துக்கொண்டு ஓடும். சம்பளம் எப்போது வரும், மகளின் இருமல் நின்றதா, நேற்று அவர் அப்படிச் சொன்னதற்கு நான் இப்படிச் சொல்லியிருக்கலாமே என்று ஏதோ ஒரு தாழ்வு கண்டு ஓடும். ஓடிவிட்டதைக் காண வேண்டும், ஒரு கட்டி மண் வைக்க வேண்டும், திருப்ப வேண்டும். பயிற்சி முழுவதும் இதற்குள் அடக்கம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கைவிடுவதும் இந்த இடத்தில்தான். மூச்சைக் கவனிக்க உட்காருவார்கள். நான்காம் மூச்சில் மனம் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்த் தக்காளி விலை கேட்கும். "எனக்கு இது சரிவராது, என் மனம் நிற்காது" என்று எழும்பிவிடுவார்கள். யாருக்குத்தான் நிற்கிறது? சந்தைக்குப் போய்விட்டேன் என்று தெரிந்ததே, அந்த நொடியில்தான் பயிற்சி நடந்தது. ஒரு நிமிடத்தில் ஐந்து தடவை ஓடி, ஐந்து தடவையும் கண்டு திருப்பினால் ஐந்து தடவை தண்ணீர் மாறியதாகக் கணக்கு. ஓடாமல் நின்றிருந்தால் மண்வெட்டிக்கு வேலையே இருந்திராது.

குறுகிய நேரம் போதும் என்பதற்கும் இதுதான் காரணம். காலையில் அரை மணி நேரம் உட்காருபவர்கள் உட்காரட்டும், நல்லதுதான். ஆனால் வரம்பு உடைவது காலை ஐந்து மணிக்கு இல்லை. பத்தே முக்காலுக்கு, வரிசை வாசல் வரை நீண்டு, தொலைபேசியும் அடிக்கும்போதுதான் உடைகிறது. அந்த நேரத்தில் மண்வெட்டி கையில் இருந்தால்தான் உதவி.

மூன்று மூச்சும் ஒரு முத்திரையும்

இதை வாசித்துக்கொண்டே செய்து பார்க்கலாம். இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றுங்கள். செருப்புக்குள் பெருவிரல் எங்கே இருக்கிறது என்று உணருங்கள். இவ்வளவு நேரமும் அது அங்கேதான் இருந்தது. இனி மூச்சு. இழுக்கவோ பிடிக்கவோ வேண்டாம், தானாக வருவதைப் பாருங்கள். மூக்கு நுனியில் குளிர்ச்சியாகத் தெரியலாம், வயிறு எழும்பித் தாழ்வதாகத் தெரியலாம், எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அங்கே நில்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். ஆகவே மூன்று மூச்சென்றால் பத்துப் பதினைந்து விநாடி. கணினி ஒரு கோப்பைத் திறக்க எடுக்கும் நேரம்.

பிராணாயாமம் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் மூச்சை அளந்து இழுத்து, நிறுத்தி, விடுகிறோம். இதில் மூச்சின் போக்கில் கை வைப்பதில்லை. கட்டையாக வந்தால் கட்டையாக வருகிறது என்று அறிவது, நீளமாக வந்தால் நீளம் என்று அறிவது. ஆனாலும் கவனித்தமாத்திரத்தில் மூச்சு பெரும்பாலும் தானே ஆறுதலாகிவிடுகிறது. மூச்சு உள்ளே போகும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடுகிறது, வெளியே வரும்போது சற்றுக் குறைகிறது. உடம்பின் ஏற்பாடே அப்படி. வெளிமூச்சு நீளும்போது நெஞ்சு அடங்குவது போல் தெரிவது அதனால்தான். அது கிடைத்தால் கிடைக்கட்டும். அதற்காக என்று செய்யத் தொடங்கினால் 'இன்னும் அமைதி வரவில்லையே' என்பது புதிய உடைப்பாகிவிடும்.

மூச்சு எல்லோருக்கும் பிடிபடுவதில்லை. எனக்குக் கை நன்றாகப் பிடிபடுகிறது. அதனால் நான் முத்திரையில் பழகினேன்.

எங்கள் முத்திரைக்கு மரப்பிடி. வார்னிஷ் எப்போதோ போய்விட்டது, பெருவிரல் படும் பக்கம் மட்டும் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். மைப்பஞ்சில் அழுத்தும்போது அது சற்று உள்வாங்கும்; எடுக்கும்போது ஒட்டிக்கொண்டு, மனமில்லாமல் விடுவது போல விடும். படிவத்தின் மேல் நேராக வைக்க வேண்டும், சரிந்தால் வட்டத்தின் ஒரு பக்கம் மங்கும். அழுத்தியதும் மேசை 'தொப்' என்று ஒரு பதில் சொல்லும். எடுத்துப் பார்த்தால் ஊதா எழுத்துகள் ஈரமாக மினுங்கி, இரண்டு விநாடியில் மினுக்கம் அடங்கும். அந்த இரண்டு விநாடியில் நான் ஆண்டைத் திரும்பப் படிக்கிறேன்.

ஒரு நாளில் நூறு முத்திரை குத்துகிறேன் என்றால் நூறையும் இப்படிக் குத்துவதில்லை. பத்துத் தடவை நினைவு வந்தால் அது நல்ல நாள். முத்திரை இல்லாதவர்கள் தங்கள் வேலையிலேயே இப்படி ஒன்றைத் தேடிக்கொள்ளலாம். தாதியருக்குக் கை கழுவுவது இருக்கிறது. நோயாளிக்கு நோயாளி கழுவத்தான் வேண்டும். தண்ணீரின் குளிர், சவர்க்காரத்தின் வழுக்கல், விரலிடுக்கு. ஆசிரியருக்கு ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு நடக்கும் தாழ்வாரம். தையல்காரருக்கு ஊசியில் நூல் கோப்பது. புடவைக்கடையில் நிற்பவருக்குப் பிரித்துப் போட்ட சேலையைத் திரும்ப மடிப்பது. வேலைக்கு நடுவே ஏற்கெனவே இருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், புதிதாக நேரம் ஒதுக்க வேண்டிய ஒன்றாக இருந்தால் மூன்றாம் நாள் மறந்துபோகும்.

தேத்தண்ணீர் நேரத்தைச் சொல்லாமல் விட்டால் யாழ்ப்பாணத்தார் மன்னிக்க மாட்டார்கள். வெறுந்தேத்தண்ணீரும் பனங்கட்டியும் இந்தப் பழக்கத்துக்கென்றே செய்துவைத்தது போலிருக்கும். சீனி போட்டுக் கலக்கினால் முதல் மிடறும் கடைசி மிடறும் ஒன்றுதான்; மனம் எங்கேயாவது போய்விடலாம். பனங்கட்டி அப்படி விடாது. கடிக்க வேண்டும், கடித்தது கரைவதற்குள் குடிக்க வேண்டும், எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டி முந்தினால் கடைசியில் கசப்பைக் குடிக்க நேரும். கையில் கைப்பேசி இல்லாமல், முதல் மூன்று மிடறை மட்டும் கவனித்துக் குடித்துப் பாருங்கள். நான்காவது மிடற்றிலிருந்து ஊர்ப் புதினம் கதைக்கலாம்.

மறதிதான் பெரிய தடை

செய்வது கடினமில்லை. செய்ய வேண்டும் என்று நினைவு வருவதுதான் கடினம். வந்தால் மூன்று மூச்சு, வராவிட்டால் நாள் முழுவதும் பிராக்கு. அதனால் வெளியிலிருந்து யாரோ தோளில் தட்டுவது போல ஓர் அடையாளம் வேண்டும்.

பிரான்சின் தென்மேற்கில் வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் 1982இல் அமைத்த பிளம் வில்லேஜ் மடாலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. மணி ஒலித்தால் எல்லோரும் செய்வதை அப்படியே நிறுத்தி மூச்சைக் கவனிப்பார்கள். தொலைபேசி அடித்தாலும் அதே நிறுத்தம், அதன் பிறகுதான் எடுப்பது. நமக்கு மணிக்குப் பஞ்சமில்லை. நல்லூர்ப் பக்கம் வேலை செய்பவர்களுக்குக் கந்தசுவாமி கோயில் மணி இருக்கிறது. பூசை நேரம் பிசகாத கோயில் என்று பெயரெடுத்தது அது, மணிக்கூட்டைச் சரிபார்க்கலாம். பெரிய கோயில் அயலில் இருப்பவர்களுக்குத் தேவாலய மணி. சோனகதெருப் பக்கமென்றால் பாங்கு. மணி கேட்டதும் கையெடுத்துக் கும்பிடுகிற பழக்கம் பலருக்கு ஏற்கெனவே இருக்கிறது. கும்பிட்ட கை கீழே இறங்குவதற்குள் மூன்று மூச்சைச் சேர்த்துக்கொண்டால் சாமி கோபிக்காது.

கொக்குவில், கோண்டாவில் பக்கம் இருந்து பட்டணத்துக்கு வருபவர்களுக்கு ரயில் கடவை இருக்கிறது. 2014இல் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வரத் தொடங்கியபோது கடவையில் நின்று கையசைத்தோம். இப்போது அதே கடவை மூடினால் மணிக்கூட்டைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறோம். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்கும் அந்த நேரத்தில் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. ஹாண்டிலை இறுக்கிப் பிடித்திருக்கும் விரல்களைத் தளர்த்தலாம். தண்டவாளம் அதிரத் தொடங்குவது, பெட்டிகள் கடக்கும் சத்தம், கடைசிப் பெட்டி போனபின் விழும் அமைதி. (வண்டி ஓடும்போது மூச்சைக் கவனிக்க வேண்டாம். அப்போது கவனிக்க வேண்டியது வீதி, குறுக்கே வரும் மாடு, சமிக்ஞை போடாமல் திரும்பும் முன்வண்டி.)

கைப்பேசியில் இதற்கென்றே செயலிகள் உண்டு, மாதச் சந்தாவும் உண்டு. என் அபிப்பிராயம் கேட்டால், பிராக்கின் பெரும்பகுதியைத் தந்த கருவியிடமே மருந்தும் வாங்குவது எனக்கு ஒத்துவரவில்லை. சிலருக்கு உதவுகிறது என்கிறார்கள். கடவை இலவசம்.

நேரம் கொஞ்சம் கூடக் கிடைக்கும் நாளில், கூட்டம் தொடங்குவதற்கு முன்போ மதியச் சாப்பாட்டுக்குப் பின்போ, மூன்று நிமிடப் பயிற்சி ஒன்றைச் செய்யலாம். மனச்சோர்விலிருந்து மீண்டவர்களுக்கு அது திரும்ப வராமல் தடுக்க சின்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜோன் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் வகுத்த சிகிச்சையின் ஒரு பகுதி அது. முதல் நிமிடம், உள்ளே என்ன நடக்கிறது என்று பொதுவாகப் பார்ப்பது: என்ன எண்ணம், என்ன உணர்ச்சி, உடம்பில் எங்கே இறுக்கம். இரண்டாம் நிமிடம், கவனத்தைக் குவித்து மூச்சில் மட்டும் நிற்பது. மூன்றாம் நிமிடம், மூச்சிலிருந்து விரித்து முழு உடம்பையும் உணர்வது. அகலம், ஒடுக்கம், திரும்ப அகலம். உடுக்கின் வடிவம் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

ஓர் அரச உத்தியோகத்தர் கண்டெடுத்த சொல்

இது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: மூலம் பௌத்தம். பாளி மொழியில் 'சதி' என்பார்கள், வடமொழியில் 'ஸ்மிருதி'. நேர்ப்பொருள் நினைவு. இங்கே நம் பேச்சு வழக்கு ஆச்சரியமான அளவு பொருந்துகிறது. கோப்பையைத் தவறவிட்ட பிள்ளையிடம் 'நினைவை எங்கே வைத்துக்கொண்டு நடக்கிறாய்' என்று கேட்கும் அம்மா, பழையதை நினைக்கும் ஆற்றலைப் பற்றிக் கேட்கவில்லை. நினைவு கையோடு இருக்கிறதா என்று கேட்கிறாள். சதி என்பது ஏறக்குறைய அதுதான்.

அந்தச் சொல்லுக்கு 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற ஆங்கிலத்தை 1881இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ரீஸ் டேவிட்ஸ். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பிரித்தானிய சிவில் சேவையில் இருந்து, காலியிலும் அநுராதபுரத்திலும் கடமை பார்த்தவர். பாளியை அவர் கற்றதும் இந்தத் தீவில்தான். ஆகவே உலகம் முழுக்க இன்று விற்பனையாகும் இந்தச் சொல் இலங்கைக் கந்தோர் ஒன்றில் கோப்பு பார்த்த ஒருவர் மூலம் போனது என்பதில் எனக்குக் கொஞ்சம் தொழில் பெருமை உண்டு. பிறகு கண்டியில் வாழ்ந்த ஜெர்மானியத் துறவி ஞாணபோனிக்க தேரர், எதையும் சேர்க்காமல் எதையும் கழிக்காமல் பார்க்கும் வெறுங்கவனம்தான் இதன் தொடக்கம் என்று எளிமைப்படுத்தி எழுதினார். 1979இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜோன் கபாட்-சின் இதை மதத்திலிருந்து பிரித்து, தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்கு எட்டு வாரப் பயிற்சியாக்கினார். அலுவலகங்களுக்குள் வந்தது அந்த வழியாகத்தான்.

அப்படியென்றால் இது பௌத்தம் அல்லவா, நமக்கெதற்கு என்று ஒரு சக ஊழியர் கேட்டார். மேசையில் மூன்று மூச்சைக் கவனிப்பதற்கு மதம் மாற வேண்டியதில்லை. தவிர, இதன் உறவினர்கள் நம் வீட்டிலும் உண்டு. கொழும்புத்துறை யோகர் சுவாமியிடம் (1872–1964) போனவர்கள் கேட்டு வந்த சொல் 'சும்மா இரு'. துறவுக்கு முன் அவர் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையின் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர், அவரும் நம் ஆள்தான். சும்மா இருப்பது என்றால் வேலை செய்யாமல் இருப்பது என்று பொருள் கொண்டால் அரச ஊழியர்கள் ஏற்கெனவே ஞானிகள் என்று ஊரில் பகிடி விடுவார்கள். வரம்பில் நிற்கும் அப்பாவை நினைத்தால் வேறு பொருள் தெரியும். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், நோயாளிகளின் மனத்தை ஆற்றுப்படுத்த அவரவர் மரபிலிருந்தே வழி எடுத்தார்: சைவருக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்குத் திக்ர். ஒரே சொல்லில் மனத்தை வைத்து, விலகினால் திருப்பிக் கொண்டுவரும் வேலை எல்லாவற்றிலும் இருக்கிறது. உங்களுக்குக் கைவந்தது எதுவோ அதில் தொடங்கலாம்.

எவ்வளவு உதவும், எங்கே உதவாது

2010இல் கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட் என்ற இரண்டு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக நாளின் வெவ்வேறு நேரங்களில் திடீரென்று கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா? கேட்ட தடவைகளில் 46.9 சதவீதம் மனம் வேறெங்கோ இருந்தது. வேறெங்கோ இருந்தபோது அவர்கள் சொன்ன மகிழ்ச்சியின் அளவும் குறைவு. 1992 என் விரலில் ஒட்டிக்கொண்டதற்கும் ஆய்வாளர்களிடம் விளக்கம் உண்டு. ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது முந்தியதில் கவனத்தின் ஒரு பங்கு தங்கிவிடுகிறது என்று சோஃபி லெரோய் 2009இல் எழுதினார். இரண்டு கோப்புகளுக்கு நடுவே ஒரு மூச்சு என்று நான் வைத்துக்கொண்டது இதைப் படித்த பிறகுதான்.

அதற்காக இதைச் சர்வரோக நிவாரணியாக்க வேண்டாம். 2014இல் தியானப் பயிற்சிகள் பற்றிய 47 மருத்துவ ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேரின் முடிவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு பலன் தெரிந்தது. உடற்பயிற்சி, மருந்து, பிற சிகிச்சைகளைவிட இது மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அவையும் பல வாரம் முறையாகப் பழகியவர்களின் முடிவுகள். முத்திரைக்கு முத்திரை மூச்சுப் பார்ப்பவருக்கு இவ்வளவு கிடைக்கும் என்று அதிலிருந்து கணக்குப் போட முடியாது.

இன்னொன்றைக் கொஞ்சம் காரமாகவே சொல்ல வேண்டும். மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெற்றிடத்தை வைத்துக்கொண்டு, மீதியிருக்கும் ஒருவரிடம் 'மூச்சைக் கவனியுங்கள், அழுத்தம் குறையும்' என்று சொல்வது ஏமாற்று. அங்கே தேவைப்படுவது ஆள். மூச்சைக் கவனித்தவர், தோள் இறுகியிருப்பதைக் கண்டவர், இது என் குறையில்லை, வேலையின் அளவு என்று தெளிந்து அதை எழுத்தில் மேலே அனுப்பினால் அதுவும் இந்தப் பழக்கத்தின் பலன்தான்.

எங்கள் ஊரில் சொல்லாமல் விட முடியாத ஒன்றும் உண்டு. கண்ணை மூடி அமைதியாக இருந்தால் சிலருக்கு அமைதி வருவதில்லை, பதுங்குகுழி வருகிறது. ஷெல் சத்தம் வருகிறது, தேடிக் கிடைக்காதவரின் முகம் வருகிறது. அப்படி வந்தால் வலிந்து உட்கார்ந்திருக்க வேண்டாம். கண்ணைத் திறந்துகொள்ளுங்கள், கவனத்தை உடம்பிலிருந்து வெளியே எடுங்கள். அறையில் நீல நிறம் எங்கெங்கே இருக்கிறது என்று எண்ணலாம், மேசையின் விளிம்பைப் பிடித்துப் பார்க்கலாம், மின்விசிறியின் சத்தத்தைக் கேட்கலாம். அதுவும் கவனந்தான், குறைந்த வகை இல்லை. திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தையும் வேலையையும் குழப்பினால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒரு தடவை காட்டுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

முதல் வாரத்துக்கு ஒரே ஓர் அடையாளம் போதும். மணி, கடவை, தேத்தண்ணீர், கை கழுவுவது என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்கப் போனால் ஒன்றும் மிஞ்சாது. எத்தனை தடவை மறந்தேன் என்று கணக்கு வைக்கவும் வேண்டாம்.

நான் தொடங்கியது கைரேகை இயந்திரத்தில். காலை 8.30க்கு எல்லோரும் அதன் முன்னால் வரிசையில் நிற்போம். என் விரலை அது முதல் தடவையில் ஏற்பதே இல்லை. வெங்காயத் தோட்டத்துக் கை என்று சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். சிவப்பு விளக்கு எரியும். முன்பெல்லாம் விரலை இன்னும் பலமாக அழுத்துவேன், அது இன்னும் பிடிவாதமாக மறுக்கும். இப்போது விரலை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, ஒரு மூச்சு வந்து போகும் வரை நின்று, திரும்ப வைக்கிறேன். சில நாள் பச்சை எரிகிறது.